குருசு போட்ட மரங்கள்

எங்கள் தெருவில் தோட்டம் என்றால் ஒன்றே ஒன்றுதான். மாதா கோயிலுக்குப் பின்னால், சுற்றுச்சுவர் கட்டி, இரும்புக் கேட்டுக்குப் பூட்டுப் போட்டு, உள்ளே போனவர்கள் யாரும் குறை சொல்லி வெளியே வராத தோட்டம். வெளியூர்க்காரர்கள் அதைக் கல்லறைத் தோட்டம் என்று முழுப்பெயர் சொல்லி அழைப்பார்கள். எங்களுக்கு முன்பாதி தேவைப்படுவதில்லை. வேறு தோட்டம் இருந்தால்தானே குழப்பம்.

ஆகவே என் கணவர் பர்னபாஸ் தன் தங்கை சலேத்துக்குப் போன் போட்டு, “தோட்டத்துக்கு இடம் வாங்கியாச்சு தங்கச்சி. எனக்கும் உன் மைனிக்கும் சேத்தே” என்று பெருமையாகச் சொன்னபோது, அந்தப் பக்கம் அவள் அழுததில் ஆச்சரியப்பட எதுவுமில்லை. கொஞ்ச நேரத்தில் ஆட்டோவில் வந்து இறங்கினாள். ஒரு கையில் ஆப்பிள், இன்னொரு கையில் ஹார்லிக்ஸ்.

“எந்த டாக்டர்ட்ட காட்டுதீய மைனி? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே.”

“யாருக்கு என்ன?”

“அண்ணனுக்குத்தான். நெஞ்சா, வேற எதுவுமா?”

அண்ணன் அப்போது குசினியில் நின்றபடி பொரித்த சாளையைச் சட்டியிலிருந்தே ருசி பார்த்துக்கொண்டிருந்தார். விஷயம் புரிந்ததும் வாயில் மீனோடு சிரித்தார்.

“ஏளா, நான் சொன்னது மரம், செடி வைக்கிற தோட்டம்.”

“மரம், செடியா? நம்ம ஆளுவ என்னைக்கு மரம், செடி வச்சிருக்காவ?” என்றாள் சலேத்து. அவளுக்கு ஏமாற்றம்தான். இருந்தாலும் ஆப்பிளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகவில்லை.

பர்னபாஸ் தண்டலாக இருந்தவர். தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கலும் ஏற்றிப்போகும் தோணியில் தண்டல் என்றால், கரையில் கேப்டன் என்று சொல்கிறார்களே, அதுதான். தொப்பி மட்டும் கிடையாது. முப்பது வருஷத்துக்கு மேல் கடலையே பார்த்தவருக்குக் கடைசியில் ஓர் ஆசை வந்தது. கடல் கண்ணில் படாத, காதிலும் விழாத ஓர் இடத்தில் குடியிருக்க வேண்டும். ஊரெல்லாம் ‘சீ வியூ’ என்று பலகை வைத்து மனை விற்றுக்கொண்டிருந்த காலத்தில், இவர் ஒவ்வொரு புரோக்கரிடமும் போய், “கடல் தெரியாத இடமாப் பாரும்” என்று கேட்டார். அவர்களில் ஒருவர், இவருக்குக் கடன்காரர் யாராவது கப்பலில் வருகிறார்களோ என்று சந்தேகப்பட்டதாகக் கேள்வி.

கடைசியில் கிடைத்தது காயல்பட்டினத்துக்கு மேற்கே, தேரியின் ஓரம். செம்மண் தூளாகக் குவிந்து கிடக்கிற காடு. பனை, நாட்டு உடை, விடத்தேரை, மஞ்சணத்தி, யாரோ எந்தக் காலத்திலோ நட்டுவிட்டு மறந்துபோன கொல்லாமரங்கள் என்கிற முந்திரி, நடுவில் ஒரு பெரிய வாகை. ஓரங்களில், கூப்பிடாமலே வந்து உட்காரும் சொந்தக்காரர்களைப் போல, சீமை உடை என்கிற சீமைக் கருவேலம். காற்றுக்காலம் முழுக்கத் தேரியில் காற்று ஒரே பக்கமாகத் தள்ளுவதால், அங்கே நிமிர்ந்து நிற்கும் மரம் அபூர்வம். எல்லாம் யாரோ சொல்லும் ரகசியத்துக்குக் காது கொடுத்தமாதிரி ஒரே திசையில் சாய்ந்திருக்கும்.

முதல் தடவை சலேத்தைக் கூட்டிப்போனபோது மஞ்சணத்தியின் தாழ்ந்த கிளை அவள் கொண்டையைப் பிடித்து இழுத்துவிட்டது. “சனியன், இதை முதல்ல வெட்டுங்க அண்ணன்” என்றாள். “நீ குனிஞ்சு போளா. அது உனக்கு முன்னாலயே வந்துருக்கு” என்றார் அவர். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அந்த இடம் வந்தால் அவள் திட்டிக்கொண்டே குனிவாள்.

காட்டின் நடுவே ஏற்கெனவே வெட்டவெளியாகக் கிடந்த துண்டில் இரண்டு அறையும் ஒரு குசினியும் கட்டினோம். மரம் எதையும் தொடவில்லை. தோட்டம் மட்டும் பாக்கி.

தோட்டத்தை வடிவமைக்கச் சலேத்தின் மகன் பெவின் சென்னையிலிருந்து வந்தான். அவன் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட். அந்த வார்த்தையைச் சலேத்து ஒரே மூச்சில் சொல்லக் கற்றுக்கொள்ளவே இரண்டு வருஷம் ஆனது. அவன் காட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “பியூட்டிஃபுல் எக்ஸிஸ்டிங் வுட்லேண்ட், மாமா” என்றான். இருக்கிற காட்டுக்கு அப்படி ஒரு பெயர் இருப்பது எங்களுக்கு அன்றுதான் தெரியும்.

மூன்று வாரத்தில் பிளான் வந்தது. கேட்டிலிருந்து வீடுவரை ஸ்கேல் வைத்த மாதிரி ஒரு பாதை. வலதுபக்கம் முகம் பார்க்க ஒரு குளம். தேரி மணலில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினால், குடத்தை நிமிர்த்துவதற்குள் ஈரம் போன இடம் தெரியாது. அங்கே முகம் பார்க்கக் குளம். இடதுபக்கம் ‘ஃபயர் பிட்’ என்று ஒரு வட்டம்.

“இது என்ன மருமவனே?”

“சாயங்காலம் நெருப்பு போட்டு, சுத்தி உக்காந்து குளிர் காயலாம் மாமா.”

“இங்கனயா?” என்று கேட்டார் பர்னபாஸ். நெற்றியில் வழிந்த வியர்வையைத் துடைத்துக்கொண்டார். அதற்குமேல் அவர் வாதாடவில்லை.

அவருக்கு அவர் வழி இருந்தது. தோணியில் கழித்துப்போட்ட பழைய கயிறு ஒரு பொதி வீட்டில் கிடந்தது. அதைக் கொண்டுவந்து கேட்டில் ஒரு நுனியைக் கட்டினார். மீதியை மரங்களுக்கு நடுவே மணலில் நெளிய விட்டார். கேட்டிலிருந்து உடைகளுக்கு இடதுபக்கம், மஞ்சணத்திக்கு வலதுபக்கம், விடத்தேரைப் புதரைச் சுற்றி, கொல்லாமரங்களுக்கு நடுவே புகுந்து, வாகையடியில் கொண்டுபோய் நிறுத்தினார். அதோடு முடியவில்லை. தினமும் சாயங்காலம் என்னையும் கூட்டிக்கொண்டு அந்தக் கயிற்றோரமாக நடப்பார். முள் இழுத்த இடத்தில் கயிற்றைக் காலால் ஒரு சாண் நகர்த்துவார். மறுநாள் இரண்டு விரற்கடை திருப்பி வைப்பார். மழைக்கு முன் தொடங்கியவர் பங்குனி வரைக்கும் நகர்த்திக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் கப்பலைக் கயிறு போட்டுக் கட்டுவதற்குக்கூட இவ்வளவு நேரம் ஆகாது என்று நான் சொன்னேன். “கப்பலு நாளைக்குப் போயிரும். இது இங்கனயேல்லா கிடக்கப்போவுது” என்றார்.

பெவின் அடுத்த தடவை வந்தபோது கயிற்றைப் பார்த்தான். அதையொட்டியே வாகைவரை நடந்து போய்த் திரும்பினான். பிறகு போனில் படமெடுத்து, பிளானில் நேர்ப்பாதையை அழித்துவிட்டு நெளியலாகப் போட்டு, பக்கத்தில் ‘ஆர்கானிக் மியாண்டர்’ என்று எழுதினான். குளத்தையும் நெருப்பையும் எடுத்துவிட்டான். நல்ல பிள்ளை. பெயர் வைக்காமல் மட்டும் அவனால் இருக்க முடியாது.

மரங்களைக் காப்பாற்ற மாமனும் மருமகனும் ஆளுக்கொரு ஏற்பாடு செய்தார்கள். அதில்தான் எல்லாம் கெட்டது.

பெவின் பிளானில் வைக்கவேண்டிய மரத்துக்குப் பச்சை வட்டமும் எடுக்கவேண்டிய மரத்துக்குச் சிவப்பு எக்ஸும் போட்டான். எக்ஸ் விழுந்தவை கேட்டை அடைத்து நின்ற சீமை உடைகள் மட்டும்தான். பர்னபாஸுக்குக் காகிதத்தில் நம்பிக்கை இல்லை. ஒரு வாளியில் சுண்ணாம்பைக் கரைத்து, பிரஷை எடுத்துக்கொண்டு, வைக்கவேண்டிய ஒவ்வொரு மரத்திலும் ஒரு குருசு போட்டார். சிலுவையை எங்கள் ஆட்கள் குருசு என்றுதான் சொல்வோம். தோணியின் முன்மூக்கான அணியத்தில் குருசு, வீட்டு நிலையில் குருசு, புது ஃபிரிட்ஜ் வந்தால் அதன் தலையிலும் குருசு. போட்டுவிட்டால் அதற்கு எதுவும் வராது.

மரத்தின் தண்டு வாக்கில் ஒரு கோடு, அதற்குக் குறுக்கே ஒரு கோடு. மரமெல்லாம் சாய்ந்திருக்கிறதே, குருசுகளும் கூடவே சாய்ந்தன.

“பாதி விழுந்த மாதிரில்லா இருக்கு” என்றேன்.

“மரம் சாய்ஞ்சா நான் என்ன செய்ய? ஆண்டவருக்கு வித்தியாசம் தெரியும்ளா.”

ஆண்டவருக்குத் தெரியும்தான். ஆனால் வேலைக்கு வந்தது ஆண்டவர் இல்லை, ஜேசிபி.

வாகைக்கு மட்டும் அவர் குருசு போடவில்லை. வாளியில் சுண்ணாம்பு மீதி இருந்தது. “இதுக்கு எதுக்கு? இம்புட்டுப் பெரிய ஆளு மேல எவன் கை வைப்பான்?” என்று அதன் தண்டைத் தட்டிக்கொடுத்தார்.

வேலைக்குப் பேசியிருந்த மேஸ்திரி சுடலைக்கண்ணு. ஆதிச்சநல்லூர்ப் பக்கத்து ஆற்றங்கரை ஊர்க்காரர், வயல் வேலையோடு கட்டட வேலையும் எடுப்பவர். வந்த அன்றே மணலைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, “நிம்மதியான மண்ணு அண்ணாச்சி. எங்கூர்ல தோண்டுனா தாழி வரும். தாழி வந்தா ஆபீசரு வருவாவ. பொறவு வேலை எங்கன நடக்க” என்றார். பர்னபாஸுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. “குருசு போட்டதை எல்லாம் நல்லாப் பாத்துக்கிடணும் என்ன?” என்று சொல்லி வைத்தார். “அதெல்லாம் பாத்துக்கிடுதேன்” என்று சுடலைக்கண்ணும் தலையாட்டினார்.

சித்திரையில் ஒரு காலை, காப்பிக்குச் சீனி போதவில்லை என்று சொன்னவர், சீனியோடு நான் திரும்புவதற்குள் போய்விட்டார். நெஞ்சுதான். சலேத்து முதல் நாளே சரியாகத்தான் கேட்டிருக்கிறாள். மூன்று பேரில் அவளுக்கு மட்டும்தான் விஷயம் சரியாகப் புரிந்திருந்தது. தோட்டத்துக்குப் போனார். எங்கள் தெருத் தோட்டத்துக்கு. அங்கே பாதை ஸ்கேல் வைத்த மாதிரி நேராக இருக்கும். கயிறு தேவைப்படவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாருக்கும் அந்தக் காட்டை என்ன செய்வது என்று தெரிந்திருந்தது. அவர்களில் பாதிப்பேர் அதைப் பார்த்ததில்லை. கருத்துச் சொல்ல அது தடையாக இல்லை. “வித்துட்டு பீச் ரோட்டுல ஒரு ஃபிளாட் பாருங்க மைனி. தனியா அந்தக் காட்டுக்குள்ள என்ன செய்வீய?” என்றாள் சலேத்து.

என்ன செய்வேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கேட்டைத் திறந்து, அவர் கயிறு போட்ட தடத்தில், அவர் குருசு போட்ட மரங்களுக்கு இடையே நடந்து, வாகையடியில் போய் உட்காருவேன். எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. பீச் ரோட்டு ஃபிளாட்டில் அந்த வசதி இல்லை.

முப்பதாம் நாள் மாதப் பூசை முடிந்ததும் பெவினிடம் வேலையைத் தொடங்கச் சொன்னேன். அவன் சென்னையிலிருந்தே சுடலைக்கண்ணுக்கு வாட்ஸப்பில் பிளானை அனுப்பினான். சுடலைக்கண்ணின் போனில் அது திறக்கவில்லை. திறக்கவில்லை என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. பெவின் போனில் விளக்கினான்: “எக்ஸ் மார்க் போட்டிருக்கிற மரத்தை மட்டும் எடுங்க. வேற எதையும் தொடாதீங்க.” இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது.

துக்கத்துக்குப் பிறகு நான் எங்கள் தெரு வீட்டிலேயே தங்கியிருந்தேன். வேலை நடக்கும் அன்று காலையில் நான் போயிருக்க வேண்டும். போனேன். பஸ் ஆறுமுகநேரியில் ஒரு கல்யாண ஊர்வலத்துக்குப் பின்னால் நின்றது. கொட்டுக்காரர்கள் பஸ்ஸுக்கும் சேர்த்துத்தான் அடித்தார்கள் என்று நினைக்கிறேன். இறங்கி நடந்து திருப்பத்துக்கு வந்தபோது முதலில் தெரிந்தது வானம். அந்த இடத்தில் எனக்கு ஒருபோதும் வானம் தெரிந்ததில்லை.

சுடலைக்கண்ணு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேலையை நல்லபடியாக முடித்தவரின் முகத்தோடு வந்தார்.

“வாங்கக்கா. எக்ஸு போட்டது ஒண்ணு பாக்கி இல்ல, எல்லாம் எடுத்தாச்சு. வேரோட. ஜேசிபிக்காரன் நல்ல பய.”

மரங்கள் வரிசையாகக் கிடந்தன. மஞ்சணத்தி கிடந்தது. நாட்டு உடைகள் கிடந்தன. கொல்லாமரங்கள் பிஞ்சோடு கிடந்தன. ஒவ்வொன்றிலும் வெள்ளைக் குருசு. ஓரத்தில் சீமை உடை ஒரு இலை உதிராமல் நின்றது.

நான் கிட்டப்போய் ஒரு குருசைத் தொட்டேன். “இது எக்ஸு இல்ல, சுடலைக்கண்ணு.”

“எக்ஸுதானக்கா. இந்தா, இப்படி ஒரு கோடு, அப்படி ஒரு கோடு. ரோடு அகலம் பண்ணும்போது டிப்பார்ட்மென்ட்டுல இப்படித்தான் போடுவாவ. மறுநாள் மரம் இருக்காது.”

“இது குருசு.”

“ஆமா, அண்ணாச்சியும் அதத்தான் சொன்னாவ. குருசு போட்டதைப் பாத்துக்கிடுன்னு. குறுக்க கோடு போட்டதைச் சொல்லுதாவன்னு நெனச்சேன். தம்பியும் எக்ஸ எடுன்னாரு. ரெண்டு பேரும் ஒண்ணுதான சொன்னாவ?”

“குருசுன்னா சிலுவை.”

அவர் கிடந்த மரங்களைத் திரும்பிப் பார்த்தார். விழுந்த பிறகு சில மரங்களில் குருசு நேராகிவிட்டிருந்தது. அந்த வாக்கில் பார்த்தால் சின்னப்பிள்ளைக்கும் அது சிலுவை. சுடலைக்கண்ணு தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். செருப்பைக் கழற்றினார்.

“சாமியவா வெட்டுனேன்?” என்று கேட்டார். “யக்கா, நீங்களே சொல்லுங்க. எங்க சாமியும் இப்படி மரத்துல நிக்கும், அதை ஒருத்தனும் தொடமாட்டான். உங்க சாமிக்குமா இது உண்டு? எனக்கு ஒருத்தரும் சொல்லலியே.”

அவரைத் திட்டுவதற்குத்தான் நான் வாயைத் திறந்தேன். பர்னபாஸ் எதற்குக் குருசு போட்டாரோ அதை முழுசாகப் புரிந்துகொண்டவர் அந்த ஒரு மனிதர்தான், கொஞ்சம் தாமதமாக என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டேன். ஜேசிபிக்காரர் மட்டும் ஒன்றும் புரியாமல், மற்றதையும் எடுக்கவா என்று கேட்டார்.

வாகை நின்றது. யாரும் அதைக் காப்பாற்ற முயற்சி செய்யாததால் பிழைத்தது.

பெவின் அடுத்த வாரம் ஓடி வந்தான். அழுதான். உண்மையாகவே அழுதான். அழுது முடித்த பிறகு அவனுடைய படிப்பு திரும்பி வந்துவிட்டது.

“மாமி, நடந்தது நடந்துபோச்சு. இப்ப இது ஓப்பன் சைட். ஒரு விதத்துல ஆப்பர்ச்சூனிட்டிதான். லான் போட்டுரலாம். பாதையை நேரா எடுத்துரலாம், இனி வளைய வேண்டிய அவசியம் இல்ல.”

கூட வந்த சலேத்து வரிசையாகக் கிடந்த தடிகளையும் வெள்ளைக் குருசுகளையும் பார்த்துக்கொண்டே நின்றாள். “நம்ம தோட்டம் மாதிரியேல்லா இருக்கு மைனி” என்றாள் மெதுவாக. எந்தத் தோட்டம் என்று இந்தத் தடவை யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

“பாதை அவிய போட்ட மாதிரிதான் போவணும்” என்றேன்.

“எதைச் சுத்தி மாமி? மரமே இல்லியே.”

“அது எனக்குத் தெரியும் பெவின். இல்லாத மரத்தை நான் உங்கிட்ட கேக்கல. பாதையைத்தான் கேக்கேன்.”

கயிற்றைச் சுடலைக்கண்ணு வேலைக்கு முன்பே அழகாகச் சுற்றி, சேதமில்லாமல் வீட்டுக்குள் வைத்திருந்தார். அந்தக் காட்டில் மிகக் கவனமாகப் பார்த்துக்கொள்ளப்பட்ட பொருள் அதுதான். அவரும் நானுமாக அதை மறுபடி விரித்தோம். மரங்கள் இருந்த இடத்தில் குழிகள் இருந்தன, அது ஓர் உதவி. குழி தூர்ந்துபோன இடத்தில் நான் கண்ணை மூடி நடந்தேன். கால் எங்கே திரும்பியதோ அங்கே கயிற்றைப் போட்டார். அத்தனை மாதம் ஒரு சாண் இங்கே, இரண்டு விரற்கடை அங்கே என்று பர்னபாஸ் என் உயிரை வாங்கியது வீண்போகவில்லை.

“இங்கன நேராவே போலாம்லாக்கா” என்றார் ஓர் இடத்தில், பழக்கதோஷத்தில்.

“அங்கன விடத்தேரை நிக்கி.”

அவர் வெறும் மணலைப் பார்த்தார். பிறகு கயிற்றை வளைத்துப் போட்டார்.

மழைக்கு முன் அவராகவே கன்றுகள் கொண்டுவந்து குழிகளில் வைத்தார். மஞ்சணத்தி இருந்த குழியில் மஞ்சணத்தியே வேண்டுமென்று எங்கெங்கோ அலைந்து பிடுங்கி வந்திருந்தார். நட்டு முடித்துக் கையைத் தட்டிக்கொண்டு, “சுண்ணாம்பு கரைக்கட்டுமாக்கா? ஒரு அடையாளத்துக்கு?” என்று கேட்டார்.

“அய்யா சாமி, ஒண்ணும் போடாண்டாம்” என்றேன்.

பாதைக்குச் செங்கல் பதித்து முடித்ததும் பெவின் அதைப் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டான். வெட்டவெளியில் ஒரு பாதை காரணமே இல்லாமல் வளைந்து வளைந்து போவது பலருக்குப் பிடித்திருந்ததாம். காரணமில்லாததுதான் அதன் அழகு என்று யாரோ ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினான். நான் சரி என்றேன்.

போன மாதம் சலேத்து வந்தாள். கையில் வழக்கம்போல ஆப்பிள். கன்றுகள் எல்லாம் இப்போதுதான் முழங்கால் உயரம். கேட்டிலிருந்து வாகையடிக்கு எனக்கு முன்னால் நடந்தாள். நடந்துகொண்டே பேசினாள்.

“என்ன மைனி இது, தண்ணியடிச்சவன் நடந்த மாதிரி பாதை? பாக்கிறவங்க சிரிக்க மாட்டாங்களா? நேரா விட்டா பத்து எட்டுல போயிரலாம். இந்தப் பக்கம் எதுக்கு ஒரு வளைவு, அந்தப் பக்கம் எதுக்கு ஒரு வளைவு? அண்ணன்தான் அப்படின்னா, நீங்களுமா…”

பேசிக்கொண்டே அந்த இரண்டாவது வளைவுக்கு வந்தாள். கொண்டையில் ஒரு கையை வைத்து, தலையைக் குனிந்து, ஒன்றுமில்லாத இடத்துக்கு அடியில் நுழைந்து, அந்தப் பக்கம் போய் நிமிர்ந்தாள்.

“சனியன்” என்றாள்.

பிறகு அப்படியே நின்றுவிட்டாள். நான் அவளைத் தாண்டிப்போய் வாகையடியில் உட்கார்ந்து, அவள் வருவதற்காகக் காத்திருந்தேன். அவள் பாதையை விட்டு இறங்காமல், எல்லா வளைவும் வளைந்துதான் வந்தாள்.